ஹெல்ம்கென் டாக்டர் வீட்டுக் காகிதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் மேற்குக் கரையில் விக்டோரியா என்றொரு ஊர். அது வெறும் மரக்கோட்டையாக இருந்த நாளில் வந்திறங்கிய ஒரு கிராமத்து டாக்டர், அவர் பெண்ணெடுத்த குடும்பம், இரண்டு வீட்டிலும் மிஞ்சிய கடிதங்கள், டைரிகள், கணக்கேடுகள். இவற்றைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் சில கேள்விகள் தவறாமல் வருகின்றன. ஒவ்வொரு முறையும் சொல்வதற்குப் பதிலாக இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். வரிசையாகத்தான் படிக்க வேண்டும் என்றில்லை.

யார் இந்த டாக்டர்?

ஜான் செபாஸ்டியன் ஹெல்ம்கென். 1824-இல் லண்டனில் பிறந்தவர், ஜெர்மானிய வம்சாவளி. கைஸ் மருத்துவமனையில் படித்தார். படிக்கும்போதே ஒருமுறை ஹட்சன் வளைகுடாவுக்குக் கப்பல் டாக்டராகப் போய் வந்தார். பிறகு இந்தியா, சீனா பக்கம் ஒரு பயணம். அதன்பின் விலங்குகளின் மென்மயிர்த்தோல் வியாபாரம் செய்த ஹட்சன்ஸ் பே கம்பெனி அவரை வான்கூவர் தீவுக்கு அனுப்பியது. 1850 மார்ச்சில் 'நார்மன் மாரிசன்' என்ற கப்பலில் ஃபோர்ட் விக்டோரியாவில் இறங்கினார். வழியிலேயே கப்பலில் பெரியம்மை கண்டது; ஆக, வேலை கரைக்கு வரும் முன்பே ஆரம்பித்துவிட்டது.

சில வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பலாம் என்று வந்தவர், திரும்பவே இல்லை. 1920 செப்டம்பர் 1 அன்று, 96 வயதில், அதே ஊரில், தான் கட்டிய அதே வீட்டில் போய்ச் சேர்ந்தார்.

மாமனார் வீட்டைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

மாமனார் சர் ஜேம்ஸ் டக்ளஸ் என்பதால். 1843-இல் ஃபோர்ட் விக்டோரியாவைக் கட்டியவர். 1851-இலிருந்து 1864 வரை வான்கூவர் தீவின் ஆளுநர். 1858-இல் தங்க வேட்டைக் கூட்டம் வந்து குவிந்தபோது பிறந்த பிரிட்டிஷ் கொலம்பியா காலனிக்கும் அவரே ஆளுநர். டாக்டர் வந்து இறங்கிய அன்று கம்பெனிக்கு வேலைக்காரர்; இரண்டே முக்கால் வருடத்தில் பெரிய துரைக்கு மருமகன். 1856-இல் தீவின் சட்டமன்றம் முதல்முறை கூடியபோது மருமகன்தான் சபாநாயகர். மாமனார் ஆளுநர், மருமகன் சபாநாயகர் என்றால் ஊர் என்ன பேசியிருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் எனக்கு மாமனாரைவிட மாமியார்தான் முக்கியம். அமீலியா கானலி. அவருடைய அம்மா க்ரீ பழங்குடிப் பெண், பெயர் மியோ நிப்பி. அப்பா வில்லியம் கானலி, மென்மயிர்த்தோல் வியாபார அதிகாரி. அமீலியாவுக்கும் டக்ளஸுக்கும் 1828-இல், வடக்கே ஃபோர்ட் செயின்ட் ஜேம்ஸில், பாதிரியார் இல்லாமல் 'நாட்டு வழக்கப்படி' கல்யாணம். அப்போது அமீலியாவுக்கு 16 வயது. 1837-இல்தான் ஒரு பாதிரியார் முன்னால் இன்னொரு முறை செய்துகொண்டார்கள்.

டக்ளஸ் கயானாவில் பிறந்தவராமே, நம் ஆட்களோடு ஏதாவது தொடர்பு உண்டா?

இல்லை. அவர் டெமராராவில் பிறந்தது 1803-இல். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளின் முதல் கப்பல் அங்கே போனது 1838-இல்தான். டக்ளஸின் அப்பா ஸ்காட்லாந்துக்காரர்; அம்மா பார்படோஸ் பக்கத்து, ஆப்பிரிக்க ரத்தம் கலந்த, அடிமையல்லாத பெண்.

ஆளுநரின் மருமகனைப் போய்க் கிராமத்து டாக்டர் என்கிறீர்களே?

நியாயமான கேள்வி. பட்டம், பதவியெல்லாம் பின்னால் வந்தவை. 1850-இல் ஃபோர்ட் விக்டோரியா என்பது மரவேலி, நடுவே முற்றம், சில கட்டடங்கள், அவ்வளவுதான். டாக்டரின் அறையே சிகிச்சை அறை, அறையே மருந்துக்கடை. கோட்டை ஆட்கள், பண்ணை ஆட்கள், கப்பல் மாலுமிகள், வேலிக்கு வெளியே இருந்த பழங்குடி மக்கள் என்று எல்லோருக்கும் அவர் ஒருவர்தான். பல் பிடுங்குவது, பிரசவம் பார்ப்பது, கை கால் எடுப்பது எல்லாம். இதைக் கிராமத்து வைத்தியம் என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்ல?

வந்த சில வாரத்திலேயே அவரை வடக்கே ஃபோர்ட் ரூப்பர்ட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே நிலக்கரி தோண்ட ஸ்காட்லாந்திலிருந்து வந்த தொழிலாளிகள் கம்பெனியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கலிபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்ற சேதி வேறு. 26 வயது டாக்டரை அப்போதைய ஆளுநர் பிளான்ஷார்டு மாஜிஸ்ட்ரேட்டாகவும் நியமித்துவிட்டார். கப்பலை விட்டு ஓடிய மூன்று மாலுமிகள் அங்கே கொல்லப்பட்டார்கள். அதை விசாரித்து டாக்டர் அனுப்பிய அறிக்கைக் கடிதங்கள் இருக்கின்றன. கைகளில் அதிகாரக் காகிதம், பின்னால் நிற்க ஒரு கான்ஸ்டபிள்கூட இல்லை. அந்தத் தவிப்பு வரிக்கு வரி தெரியும். கொலைக்குப் பழிவாங்க என்று 1850-இலும் 1851-இலும் கடற்படை போய், பழி சுமத்தப்பட்ட நவிட்டி பழங்குடி மக்களின் ஊர்களை எரித்தது. டாக்டர் மாஜிஸ்ட்ரேட் வேலையை வெகு சீக்கிரம் உதறிவிட்டார்.

என்னென்ன காகிதங்கள் மிஞ்சியிருக்கின்றன? எங்கே?

பெரும்பகுதி விக்டோரியாவில், ராயல் பிசி மியூசியத்தின் கீழ் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா ஆவணக் காப்பகத்தில். டாக்டர் பக்கத்தில் கடிதங்கள், 1870-ஆம் ஆண்டு டைரி, 1892-இல் தன் 68-ஆம் வயதில் உட்கார்ந்து எழுதிய நினைவுக் குறிப்புகள். அந்த நினைவுக் குறிப்புகள் 1975-இல்தான் புத்தகமாக வந்தன. எழுதி 83 வருடம் கழித்து! மாமனார் பக்கத்தில் கடிதப் பிரதிப் புத்தகங்கள், 1864-65 ஐரோப்பியப் பயணக் குறிப்பேடு, இங்கிலாந்தில் படித்த கடைசி மகளுக்கு எழுதிய கடிதங்கள்.

இது வீட்டுக் காகிதம். அலுவலகக் காகிதம் வேறு இடங்களில். கம்பெனியின் கோட்டை நாட்குறிப்புகள், கணக்குகள் எல்லாம் 1974-இல் லண்டனிலிருந்து வினிபெக் நகருக்குப் போய்விட்டன. டக்ளஸ் லண்டனுக்கு எழுதிய அரசாங்கக் கடிதங்களை விக்டோரியா பல்கலைக்கழகம் இணையத்தில் போட்டிருக்கிறது. ஒரே சம்பவத்தை மூன்று இடத்திலும் தேடிப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

இவ்வளவையும் யார் பத்திரப்படுத்தினார்கள்?

டாலி. டாக்டரின் கடைசி மகள், முழுப் பெயர் ஈடித் லூயிசா. கணவர் இறந்த பிறகு அப்பாவோடு வந்து இருந்தார், கடைசிவரை பார்த்துக்கொண்டார். அப்பா போன பிறகும் 19 வருடம் அதே வீட்டில். மேஜை, கட்டில், மருந்துப் பெட்டி, கருவிகள், காகிதம் எதையும் கலைக்கவில்லை. 1939-இல் டாலி இறந்ததும் மாகாண அரசு வீட்டை வாங்கியது, 1941-இல் மியூசியமாகத் திறந்தது.

"பாதுகாக்கப்பட்டது" என்று செயப்பாட்டு வினையில் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். யாரோ ஒரு பெண் ஒவ்வொரு முறை வீடு ஒழிக்கும்போதும் "இது இருக்கட்டும்" என்று சொல்லித் திரும்ப உள்ளே வைத்திருக்கிறாள். அந்தக் காரியத்துக்கு ஆவணப் பட்டியலில் ஒரு வரிகூடக் கிடையாது.

கல்யாணக் கதை உண்மையா?

டாக்டரே எழுதியிருக்கிறார், அதனால் அவர் வாயாலேயே வந்தது. உண்மையா என்பது வேறு.

பெண் சிசிலியா, டக்ளஸ் வீட்டு மூத்த மகள். டாக்டர் முதன்முதலில் அந்த வீட்டுக்குப் போனபோது மாமனார் ஆகப்போகிறவர் விறைப்பாக இருந்தாராம். வீட்டுப் பெண்கள் கூச்சப்பட்டுக் கண்ணில் படாமல் ஒளிந்தார்களாம். சிசிலியா மட்டும் அணில் மாதிரி அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தாராம். பிறகு மாலை வேளைகளில் சாக்லேட் பானம், பாட்டு, கொஞ்சம் பேச்சு, சீக்கிரமே எல்லோரும் படுக்கப் போய்விடுவது. காதலித்தது அவ்வளவுதான் என்கிறார். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். அந்தக் காலத்து நாவல்களில் இருக்கும் பெருமூச்சு ஒன்றுகூட இல்லை.

கல்யாணம் 1852 டிசம்பர் 27. அன்று பார்த்துப் பனி கொட்டிவிட்டது, வண்டி நகராது. கடைச் சாமான் வந்த மரப்பெட்டி ஒன்றை எடுத்து, அடியில் சறுக்குக் கட்டை வைத்து, அவசர அவசரமாகச் சறுக்கு வண்டி ஆக்கினார்கள். ஆளுநர் மகள் அந்தப் பெட்டியில் உட்கார்ந்துதான் கல்யாணத்துக்குப் போனார். நண்பகலுக்குள் சடங்கை முடித்தாக வேண்டும் என்ற பதற்றம் வேறு.

நாற்பது வருடம் கழித்து எழுதிய கதை. எத்தனை முறை சாப்பாட்டு மேஜையில் சொல்லிச் சொல்லி மெருகேறியதோ! ஆனாலும் அந்த மரப்பெட்டி மட்டும் கற்பனையாக இருக்காது என்று நினைக்கிறேன். பெருமை பேச நினைப்பவர் அதைக் கண்டுபிடிக்க மாட்டார்.

சிசிலியா எழுதியது ஏதாவது இருக்கிறதா?

இதைக் கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ஏமாற்றமாகவே இருக்கும். டாக்டர் எழுதிய பக்கங்கள் அடுக்கடுக்காகக் கிடைக்கின்றன. அவர் மனைவியை நாம் அறிவது பெரும்பாலும் அந்தப் பக்கங்களின் வழியாகத்தான். ஏழு பிள்ளைகள் பெற்றார், நான்கு பிழைத்தன. முதல் குழந்தையை வீட்டுத் தோட்டத்திலேயே புதைத்தார்கள். வீட்டிலேயே டாக்டர் இருந்தும்.

1865 பிப்ரவரியில் சிசிலியா இறந்தார். வயது 30. அப்போது அவருடைய அப்பா பதவியை விட்டுவிட்டு ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். விக்டோரியாவிலிருந்து கடிதம் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும் காலம். அந்தப் பயணக் குறிப்பேட்டைப் படிக்கிறவர்கள் தேதியைக் கவனித்துப் படியுங்கள். மகள் இறந்தது தெரியாமலே அவர் ஊர் பார்த்து எழுதிக்கொண்டே போகும் நாட்கள் வரும். படிக்கும் நமக்குத் தெரியும், எழுதும் அவருக்குத் தெரியாது. அந்தப் பக்கங்களில் என்னால் வேகமாகப் போக முடிவதில்லை.

டாக்டர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. இன்னும் 55 வருடம் இருந்தார்.

அந்த 'அம்மா கதைகள்' விவகாரம் என்ன?

டக்ளஸின் கடைசி மகள் மார்த்தா, டாக்டருக்கு மச்சினி. அக்கா கல்யாணத்துக்குப் பிறகு, 1854-இல் பிறந்தவர். அதனால் சித்திக்கும் அக்கா பெண்ணுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நம் வீடுகளில் பார்க்காததா? 1872-இல் மார்த்தாவை இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பினார்கள். வயதான அப்பா விடாமல் கடிதம் எழுதினார். வீட்டுச் சேதி, தோட்டம், நல்ல ஆங்கிலம் எழுதுவது எப்படி என்ற உபதேசம்.

மார்த்தா அங்கே தோழிகளிடம் அம்மாவிடம் கேட்ட க்ரீ கதைகளைச் சொல்லியிருக்க வேண்டும். அப்பாவின் பதிலில் ஒரு வரி: 'ஹையாஸ்' பற்றிய பழைய கதைகளைச் சொல், எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் அவை அம்மாவுடையவை என்று மட்டும் உலகத்துக்குச் சொல்லிவிடாதே.

அவ்வளவுதான், ஒரே வரி. ராணியிடம் சர் பட்டம் வாங்கியவர், ஊரையே நடத்தியவர், நாற்பது வருடத்துக்கு மேல் கூட வாழ்ந்த மனைவியை மனதார நேசித்தவர். கடிதம் முழுக்க அந்த அன்பு தெரிகிறது. ஆனால் மனைவி எந்தச் சனம் என்று லண்டனில் தெரியக் கூடாது. டக்ளஸைத் திட்டித் தீர்ப்பவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன்; தன் சொந்த நிறத்தையே பேசாமல் வாழ்ந்து மேலே வந்த மனிதர் அவர். ஆனாலும் 'அம்மாவுடையவை' என்ற சொல்லில் ஒரு நடுக்கம் இருக்கிறது.

மார்த்தா என்ன செய்தார் தெரியுமா? அப்பா இறந்து 24 வருடம், அம்மா இறந்து 11 வருடம் கழித்து, 1901-இல், கவுச்சன் மக்களின் கதைகளைத் தொகுத்து ஒரு புத்தகம் போட்டார். அதிலேயே க்ரீ கதைகளுக்கும் ஒரு பகுதி ஒதுக்கினார்.

மார்த்தாவின் பாட்டி கல்யாணம் கோர்ட் வரை போனதாமே?

ஆமாம், சுருக்கமாகச் சொல்கிறேன். அமீலியாவின் அப்பா வில்லியம் கானலி, மியோ நிப்பியோடு ஏறக்குறைய 29 வருடம் வாழ்ந்தவர். மாண்ட்ரியல் திரும்பியதும், 1832-இல், அது கல்யாணமே இல்லை என்று சொல்லி வசதியான உறவுக்காரப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டார். அவர் இறந்த பிறகு சொத்தில் பங்கு கேட்டு அமீலியாவின் சகோதரர் வழக்குப் போட்டார். 1867-இல் மாண்ட்ரியல் நீதிமன்றம், 1803-இல் க்ரீ வழக்கப்படி நடந்த கல்யாணம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. கனடாவின் சட்டப் புத்தகங்களில் இன்றும் பேசப்படும் தீர்ப்பு. மியோ நிப்பி அதைக் கேட்க உயிரோடு இல்லை; 1862-இல் கன்னியாஸ்திரீகளின் மடத்தில் இறந்துவிட்டார்.

அமீலியா கணவர் உயிரைக் காப்பாற்றிய கதையில் எது சரியான வடிவம்?

1828, ஃபோர்ட் செயின்ட் ஜேம்ஸ். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவனை டக்ளஸின் ஆட்கள் கொன்றுவிட்டார்கள். கேரியர் என்ற பழங்குடி மக்களின் தலைவர் க்வா தன் ஆட்களோடு கோட்டைக்குள் வந்து டக்ளஸைப் பிடித்துக்கொண்டார். அமீலியாவும் மொழிபெயர்ப்பாளரின் மனைவியும் மாடியிலிருந்து கம்பளி, துணி, புகையிலை என்று கைக்குக் கிடைத்த சரக்கையெல்லாம் அள்ளி வீச, ஈட்டுப்பொருள் கிடைத்தது என்று க்வா விட்டுவிட்டார். இதுதான் பொதுவாகச் சொல்லும் கதை.

எழுதினவர் கம்பெனிக்காரர் என்றால் டக்ளஸ் வீரர். குடும்பத்தார் சொன்னால் அமீலியா வீராங்கனை. கேரியர் மக்கள் சொன்னால் க்வா பெருந்தன்மைக்காரர், கத்தியைப் பிடித்திருந்த இளைஞனை அடக்கி வைத்தவர். சண்டை நடந்தது, சரக்கு கை மாறியது, யாரும் டக்ளஸைக் கொல்லவில்லை. இவ்வளவை நம்பலாம். மிச்சம் அவரவர் வீட்டுச் சொத்து.

நினைவுக் குறிப்பை எவ்வளவு நம்பலாம்?

டாக்டர் விஷயத்தில் நமக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. ஒரே சம்பவத்தை அவர் இரண்டு முறை எழுதியிருக்கிறார்.

1870-இல், பிரிட்டிஷ் கொலம்பியா கனடாவோடு சேருவது பற்றிப் பேச மூன்று பேரை ஆட்டாவாவுக்கு அனுப்பினார்கள்: ட்ரட்ச், காரல், நம் டாக்டர். வேடிக்கை என்னவென்றால் இவர் அந்த இணைப்புக்கு எதிராகப் பேசியவர். கடைசியில் அமெரிக்காவோடுதான் போய்ச் சேருவோம் என்றுகூடச் சொன்னவர். கப்பலில் சான் பிரான்சிஸ்கோ, அங்கிருந்து புதிதாகப் போட்ட ரயிலில் கண்டத்தைக் கடந்து போனார்கள். பிரதமர் மக்டோனல்ட் உடல்நலமின்றிப் படுத்திருந்தார். அவருடைய அமைச்சர் கார்ட்டியேதான் பேரம் பேசினார். இவர்கள் வண்டிப் பாதை கிடைத்தாலே போதும் என்ற நினைப்போடு போக, அங்கே பத்து வருடத்துக்குள் ரயிலே போட்டுத் தருகிறோம் என்றார்கள். மானியத்தைக் கணக்குப் போட மக்கள்தொகை 60,000 என்று வைத்துக்கொண்டார்கள். குடியேறிய ஆட்கள் அதில் கால்வாசிகூட இல்லை. இரண்டு தரப்புக்கும் அது தெரியும்.

அன்றன்று எழுதிய டைரி சுருக்கம்: யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம், என்ன சொன்னார்கள். 22 வருடம் கழித்து எழுதிய குறிப்பில் அதே ஆட்கள் நடமாட ஆரம்பிக்கிறார்கள், சாடை பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள். தேதிக்கும் தொகைக்கும் டைரியை எடுங்கள். யார் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிய நினைவுக் குறிப்பை எடுங்கள். இரண்டும் முரண்பட்டால் நான் டைரி பக்கம்.

வைத்தியம் பற்றி என்ன கிடைக்கும்?

எதிர்பார்க்கும் அளவுக்கு இல்லை. அவர் தன் தொழிலைப் பற்றி எழுதியதைவிட அரசியலைப் பற்றி எழுதியது அதிகம். வீட்டில் இருக்கும் கருவிகளும் மருந்துப் பெட்டியும் அந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டும்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1862 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்த கப்பலோடு பெரியம்மை விக்டோரியாவில் இறங்கியது. டாக்டர் ஏப்ரல் முடிவதற்குள் ஊரை ஒட்டி வாழ்ந்த சாங்கீஸ் பழங்குடி மக்கள் சுமார் 500 பேருக்கு அம்மை குத்தினார். அவர்கள் தீவுகளுக்கு ஒதுங்கியும் போனதால் பெரும்பாலும் தப்பினார்கள். ஆனால் வியாபாரத்துக்காக வடக்கிலிருந்து வந்து ஊருக்கு வெளியே தங்கியிருந்த மக்களை அதிகாரிகள் துரத்தினார்கள், குடிசைகளை எரித்தார்கள். அவர்கள் படகில் நோயோடு ஊர் திரும்பினார்கள். கரை நெடுகிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். டாக்டர் செய்தது நல்ல காரியம்தான். அதே ஊர் அதே மாதங்களில் செய்ததையும் சேர்த்துத்தான் அதைப் படிக்க வேண்டும்.

'முன்னோடிக் குடும்பம்' என்று சொல்வது சரியா?

சொல்லலாம், ஆனால் யாருக்கு முன்னால் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அமீலியாவின் முன்னோர் வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே அந்தக் கண்டத்தில் இருந்தவர்கள். கோட்டை நின்ற இடமோ லெக்வங்கன் மக்களுடைய நிலம்.

இந்தக் காகிதக் குவியலிலேயே கனமான காகிதம் வீட்டுக் காகிதம் அல்ல, மாமனார் அலுவலகத்தில் செய்தது. டாக்டர் கப்பல் இறங்கி ஐந்து வாரம் ஆகியிருக்கும். 1850 ஏப்ரல் கடைசியில் டக்ளஸ் சுற்றுவட்டாரத் தலைவர்களைக் கூட்டி, கம்பளிகளுக்கு ஈடாக நிலம் வாங்கியதாக ஒப்பந்தம் செய்தார். தலைவர்கள் பெயருக்கு எதிரே பெருக்கல் குறி போடப்பட்டது. மேலே? வெறும் தாள்! ஒப்பந்த வாசகம் லண்டனிலிருந்து பிறகு வந்தது, நியூசிலாந்தில் பயன்பட்ட ஒரு மாதிரியைப் பார்த்து எழுதியது. அதை அந்த வெற்றிடத்தில் நிரப்பிக்கொண்டார்கள். இப்படி 1854-க்குள் 14 ஒப்பந்தங்கள். கடைசியாக நனைமோவில் செய்ததற்கு வாசகமே இல்லை, பெயர்களும் குறிகளும்தான்.

வெற்றுத்தாளில் வாங்கிய குறிக்கு என்ன மதிப்பு என்று நினைப்போம். 1963-இல் நனைமோ பழங்குடியினர் இருவர் மான் வேட்டையாடியதற்காகப் பிடிபட்டார்கள். 'ஒயிட் அண்ட் பாப்' வழக்கு. அந்த வாசகமில்லாத தாள் உண்மையான உடன்படிக்கைதான், வேட்டை உரிமை செல்லும் என்று மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம் 1964-இல் சொன்னது, 1965-இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. நிலத்தை வாங்குவதற்கு என்று எழுதிய காகிதம், நூறு வருடம் கழித்து விற்றவர்கள் பக்கம் நின்று சாட்சி சொன்னது.

எங்கள் வீட்டிலும் பழைய கடிதப் பெட்டி இருக்கிறது. என்ன செய்யலாம்?

முதலில், என்ன செய்யக் கூடாது என்று என் அனுபவத்திலிருந்து: லேமினேட் செய்யாதீர்கள். எங்கள் தாத்தாவின் ஒரு கடிதத்தை நான் பத்திரமாக இருக்கட்டும் என்று தெருமுனைக் கடையில் கொடுத்தேன். சூட்டில் மை பழுப்பாகிப் பரவிவிட்டது, இனி பிரிக்கவும் முடியாது.

குண்டூசி, கிளிப், ரப்பர் பேண்டை எடுத்துவிடுங்கள், துரு காகிதத்தைத் தின்னும். செல்லோடேப் வேண்டவே வேண்டாம். எந்தக் கட்டில் எந்தக் கடிதம் இருந்ததோ அதே வரிசையில் வைத்துப் போட்டோ எடுங்கள். புகைப்படத்தின் பின்னால் பெயர் எழுதுவதாக இருந்தால் பென்சிலால் மெதுவாக. அப்புறம், பெட்டியைத் திறக்கும்போது வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்து, போனில் பதிவு செய்யுங்கள். "இது யார் கையெழுத்து?" என்ற ஒரு கேள்விக்கு அரை மணி நேரம் பதில் வரும்.

மூலக் கையெழுத்தைப் படிக்க முடியவில்லையே!

முதல் பக்கம் யாருக்கும் ஓடாது. அந்தக் காலத்தில் தபால் கூலியை மிச்சம் பிடிக்க, தாள் நிரம்பியதும் திருப்பி வைத்துக் குறுக்கே எழுதுவார்கள். கோலத்தின் மேல் கோலம் போட்ட மாதிரி இருக்கும். தாளைக் கொஞ்சம் சாய்த்து, ஒரு திசை வரிகளை மட்டும் கண்ணால் பிடித்துக்கொண்டு போக வேண்டும். 'இன்ஸ்ட்' என்றிருந்தால் இந்த மாதம், 'அல்ட்' என்றால் போன மாதம். நடுவே புரியாத சொல் வந்தால் எழுத்துப்பிழை என்று தள்ளிவிடாதீர்கள். அந்தக் கரையில் வியாபாரத்துக்குப் பேசிய சினூக் வாவா என்ற கலப்பு மொழிச் சொல்லாக இருக்கலாம்.

அச்சில் வந்ததை முதலில் படித்து, பிறகு அதே பகுதியின் மூலத்துக்குப் போவது சுலபம்.

வீட்டைப் பார்க்க முடியுமா?

முடியும். ராயல் பிசி மியூசியத்துக்குப் பக்கத்திலேயே, 1852-இல் கட்டிய இடத்திலேயே நிற்கிறது. மாகாணத்தில் இருக்கும் மிகப் பழைய வீடுகளில் ஒன்று. உள்ளே விடும் நேரம் பருவத்துக்குத் தகுந்தபடி மாறும், கேட்டுக்கொண்டு போங்கள். சதுரமாகச் செதுக்கிய மரக்கட்டைகளால் ஆன மூன்று அறைகள்தான் முதலில் இருந்தன. பிள்ளைகள் பெருகப் பெருக 1856-இல் ஒரு பகுதி, 1880-களில் இன்னொரு பகுதி என்று ஒட்டினார்கள். ஒட்டுப்போட்டது வெளியிலிருந்தே தெரியும்.

நிலம் மாமனார் கொடுத்த ஒரு ஏக்கர். மகள் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று தன் வீட்டுக்கு அடுத்தாற்போல் கொடுத்தார். மாமனார் வீட்டை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடித்துவிட்டார்கள். மருமகன் வீடு நிற்கிறது.